மலையகத்து ஈரத்தில் வெடைக்கோழி வளர்ப்பு: ஒரு தொடக்க அனுபவம்

தலவாக்கலையை அண்டிய தோட்டப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், முட்டையிடத் தொடங்காத 6 வெடைக்கோழிகளைக் கொண்டு சிறிய வளர்ப்பு ஒன்றைத் தொடங்கினோம். கோழி வளர்ப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சமவெளியின் வெக்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூரையின்மேல் ஓலை போடுங்கள், மதியத்தில் தண்ணீர் தெளியுங்கள் என்று அவை சொல்லும். மலையகத்தில் அவற்றை அப்படியே பின்பற்ற முடியாது. அதே வேளையில், இங்கு குளிர்தான் பெரிய பிரச்சினை என்று நினைப்பதும் சரியன்று. நன்றாகச் சிறகு முளைத்த ஒரு கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். தன் சிறகுகளை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் எங்கள் ஊர் மார்கழிக் குளிரை அது எளிதாகத் தாங்கிவிடும். அது தாங்காதது ஈரம். நனைந்த தரை, நனைந்த சிறகு, நனைந்த தீனி ஆகிய மூன்றும்தான் இங்கு கோழிகளை நோயில் தள்ளுகின்றன. கூட்டின் ஒவ்வொரு பலகையையும் நான் இந்த ஒன்றை எண்ணித்தான் அடித்தேன்.

குஞ்சுகளை வாங்காமல் வெடைக்கோழிகளை வாங்கியதற்கும் இவ்விடத்தின் காலநிலையே காரணம். ஒருநாள் குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வரை வெப்பம் தேவைப்படும். பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பகலிலேயே 20 பாகையை எட்டாத நாட்கள் நிறைய உள்ள ஊரில், இதற்காக வாரக்கணக்கில் மின்குமிழை எரியவிட வேண்டியிருக்கும். மின்சாரக் கட்டணம் ஒருபுறம் இருக்க, மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடத்தில் ஓர் இரவு குமிழ் அணைந்தாலே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகவே 15, 16 வார வயதுடைய, அடைகாப்பு வெப்பம் தேவைப்படாத, தடுப்பூசிகள் பெரும்பாலும் முடிந்த கோழிகளே முதன்முதலாக வளர்ப்பவருக்கு ஏற்றவை என்று முடிவு செய்தேன். ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற பழுப்பு நிற முட்டைக்கோழிகள் 18 முதல் 20 வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்குகின்றன. அதற்கு ஓரிரு வாரம் முன்னதாகவே அவை புதிய இடத்துக்கு வந்து பழகிவிட வேண்டும். முட்டையிடும் தறுவாயில் இடம் மாற்றினால் முட்டை தள்ளிப்போகும். நாட்டுக்கோழி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்றாலும், சில முட்டைகளை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். எங்கள் நோக்கம் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை கிடைக்க வேண்டும் என்பதாக இருந்ததால், பழுப்புக் கோழிகளையே தேர்ந்தெடுத்தோம். சேவல் வாங்கவில்லை. முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை. முட்டையில் கரு உண்டாகிக் குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் விடியற்காலைக் கூவலைத் தவிர்ப்பதும் நல்லதே.

எங்கள் காணி 7 பேர்ச்சஸ். வீடு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மரக்கறிப் பாத்தி ஆகியவை போக எஞ்சியது சரிவான ஒரு மூலை. சரிவாக இருப்பது குறையல்ல. மழைநீர் தேங்காமல் ஓடிவிடும். ஆனால் மேலேயிருந்து வரும் நீர் கூட்டின் அடியில் பாயாமலிருக்க, முதல் வேலையாகக் கூட்டுக்கு மேற்புறத்தில் அரை வட்டமாகக் கான் (நீர் வடியும் வாய்க்கால்) வெட்டினேன். தேயிலை மலையில் மண் கரையாமல் வெட்டுகிற அதே கான்தான். ஆழம் ஓர் அடி, சரிவு மெதுவாக. திசையைத் தீர்மானிப்பதில் அதிக நேரம் செலவிட்டேன். தலவாக்கலை, அட்டன், பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைக் கிடையாக வீசியடிக்கும். எனவே மேற்குப் பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் பலகையால் முழுமையாக அடைத்து, கிழக்குப் பக்கத்தைத் திறந்து, வலை மட்டும் போட்டேன். காலை வெயில் நேராக உள்ளே விழுந்து தரையைக் காயவைக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்யக்கூடாது. அங்கு பெரிய மழை வடகீழ் பருவக்காற்றோடு ஆண்டிறுதியில் வருவதால், கிழக்கைத் திறந்துவைத்தால் கூட்டுக்குள் மழை பெய்யும். ஊரின் மழை எப்பக்கமிருந்து வருகிறது என்பதை வீட்டுச் சுவரில் பாசி படர்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டின் அளவு 6 அடிக்கு 4 அடி. ஒரு கோழிக்கு 4 சதுர அடி என்ற கணக்கில் அது 6 கோழிகளுக்குச் சரியாக வரும். வெளியே நடமாட, வலையடித்த முற்றம் ஒன்று தனியாக உண்டு. தரையிலிருந்து 2 அடி உயர்த்தி, சீமெந்துக் கல்லின்மேல் யூகலிப்டஸ் கால்களை நிறுத்தி, அதன்மேல் பலகைத் தளம் போட்டேன். கால்கள் மண்ணில் படாமல் கல்லின்மேல் நிற்பதால் அவை உளுத்துப்போவதில்லை. அடியில் காற்று ஓடுவதால் தளமும் ஊறுவதில்லை. அடியில் எலி குடியேறாதபடி குனிந்து பார்க்கக்கூடிய உயரம் வேண்டும் என்பதும் 2 அடி வைத்ததற்கு ஒரு காரணம்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கு எல்லோரும் தகரம்தான் போடுகிறோம், நானும் தகரம்தான் போட்டேன். கூரை ஏற்றி முடித்திருந்த நேரத்தில், பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பல காலமாக நாட்டுக்கோழி வளர்த்துவரும் அம்மாயி ஒருவர் காலையிலேயே பார்க்க வந்தார். கூட்டைச் சுற்றி நடந்தார், கதவை ஆட்டிப் பார்த்தார், பின் உள்ளே கையை நீட்டித் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவி, நனைந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினார்.

"ராவுல மழ பேஞ்சிச்சா தம்பி?"

"இல்லையே அம்மாயி, பனிதான்."

"அப்ப இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு? கோழி இல்லாமயே இவ்வளவு. கோழி மூச்சு விட்டா இன்னும் சொட்டும். குளிரு கோழிய ஒண்ணும் செய்யாது. கீழ காஞ்சி கெடக்கணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னதன் காரணம் இதுதான். இரவில் தகரம் வெளிக்காற்றைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். கூட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் அடிப்பக்கத்தில் பட்டுத் துளிகளாகப் படியும். துளிகள் சேர்ந்து கூளத்தின்மேல் சொட்டும். ஒரு கோழி நாளொன்றுக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர் வரை தண்ணீர் குடிக்கிறது. அப்படியானால் 6 கோழிகளும் சேர்ந்து ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கின்றன. முட்டைக்குப் போகும் பங்கு போக, மிகுதி எச்சத்தோடும் மூச்சோடும் வெளியேறுகிறது. இந்த ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் கூரை எவ்வளவு ஒழுகாமல் இருந்தாலும் உள்ளே மழைதான். அதனால் இரண்டு வேலைகளைச் செய்தேன். தகரத்துக்கு அடியில் ரீப்பைகளை அடித்து, அவற்றின்மேல் கழுவிக் காயவைத்த தீனிச் சாக்குகளை இரட்டையாக விரித்துச் சாய்வாக இழுத்துக் கட்டினேன். துளி விழுந்தாலும் சாக்கின்மேல் ஓடிக் கூட்டுக்கு வெளியே வடிந்துவிடும். அடுத்ததாக, அடைத்த சுவர்களின் உச்சியில், கூரைக்குக் கீழே 6 அங்குல இடைவெளியைச் சுற்றிலும் விட்டு, அதற்கு வலை அடித்தேன். காற்று கோழிகளின் தலைக்கு மேலே ஓட வேண்டும், உடம்பில் படக்கூடாது. குளிருக்குப் பயந்து இந்த இடைவெளியைச் சாக்கால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கோழிகளுக்குச் செய்யும் பெரிய தீங்கு. அடைத்த கூட்டில் எச்சத்திலிருந்து எழும் அமோனியா வெளியேற முடியாமல் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். மேற்குப் பக்கத்தில் கூரையை 2 அடி வெளியே நீட்டியதால் சாரல் அந்த இடைவெளி வழியாக உள்ளே வருவதில்லை.

வலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அறுகோணக் கண்களுடைய மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கப் போதும். வெளியே இருப்பதைத் தடுக்கப் போதாது. இங்கு பகலில் கீரியும் நாயும் பருந்தும், இரவில் மரநாயும் காட்டுப்பூனையும் வரும். கீரிக்குச் சிறிய துவாரம் போதும். ஆகவே இரவில் கோழிகள் அடையும் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுடைய வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி) வலையையும், பகல் முற்றத்துக்கு மட்டும் சாதாரண வலையையும் பயன்படுத்தினேன். முற்றத்தின் ஓரமாக ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்புறமாகத் தரையில் மடித்து விரித்து, அதன்மேல் கல்லையும் மண்ணையும் போட்டேன். தோண்ட வரும் விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை இருந்தால் விட்டுவிடும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டேன்.

அடையும் கழி 2 அங்குல அகலச் சட்டம். மேல் விளிம்புகளைச் சீவி உருட்டினேன். ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் 6 கோழிகளுக்கு 4 அடி போதும், கூட்டின் அகலமும் அதுவே. கழியை முட்டைப் பெட்டிகளைவிட உயரமாக வைக்க வேண்டும். கோழி இருப்பதில் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் இரவெல்லாம் பெட்டியில் தூங்கி, அதை எச்சத்தால் நிரப்பி, காலையில் அதே எச்சத்தின்மேல் முட்டையிடும். ஓரடி நீள அகல உயரமுள்ள 2 பெட்டிகள் 6 கோழிகளுக்குப் போதுமானவை. அவற்றை இருட்டான மேற்கு மூலையில் வைத்தேன்.

தரைக் கூளத்துக்கு உமி சிறந்தது. ஆனால் நெல் ஆலை இல்லாத மலையகத்தில் அதைக் கொண்டுவரும் செலவு கட்டாது. மர ஆலையில் கிடைக்கும் மரச்சீவலை 4 முதல் 6 அங்குலக் கனத்துக்குப் பரப்பினேன். மரத்தூள் வேண்டாம். அது நைசாக இருப்பதால் ஈரத்தைப் பிடித்துக் கட்டியாகிவிடும். உலர்ந்தால் தூசியாகக் கோழியின் மூச்சில் ஏறும். கூளத்தைச் சோதிக்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நன்று. உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அமோனியா நெடியையும் நின்றபடி முகர்ந்து தீர்மானிக்கக்கூடாது. கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து முகர வேண்டும். அங்கே கண் கரித்தால் கூளம் ஈரமாகிவிட்டது என்று அர்த்தம்.

கூடு காய்ந்து தயாரான பிறகே கோழிகளைக் கொண்டுவந்தோம். இலங்கையில் முட்டைக்கோழிப் பண்ணைகள் குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கங்களில்தான் அதிகம். எங்கள் கோழிகளும் குருநாகல் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவையே. 30 பாகை வெப்பத்தில் வளர்ந்தவை, ஒரே நாளில் பாதி அளவு வெப்பமுள்ள மூடுபனிக்கு வருகின்றன. ஆகவே மழை குறைந்த காலமாகப் பார்த்து, காலையிலேயே புறப்பட்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருமாறு ஏற்பாடு செய்தோம். வாங்கும்போது ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் தெளிவாகவும், மூக்குத் துவாரம் காய்ந்தும், பின்புறச் சிறகு எச்சம் ஒட்டாமலும், நெஞ்செலும்பு நேராகவும் இருக்க வேண்டும். ராணிக்கெட், கம்போரோ, கோழியம்மை ஆகிய நோய்களுக்கு எந்த வயதில் தடுப்பூசி போடப்பட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். இந்தத் தாளைக் கேட்கத் தயங்கக்கூடாது. அடுத்த தடுப்பூசி எப்போது என்பதை அரச கால்நடை வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்.

வந்ததும் முதலில் தண்ணீர் மட்டும், அதுவும் பீலியிலிருந்து பிடித்த உடனே கொடுக்காமல், அடுப்படியில் சற்று நேரம் வைத்துக் குளிர் தணிந்த பிறகு, சிறிது சீனி கலந்து கொடுத்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகு, அவை பண்ணையில் தின்ற அதே குரோவர் தீனியை (வளரும் கோழிக்கான தீனியை) கொடுத்தோம். தீனியையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது என்பதால் பண்ணையிலேயே சில கிலோ வாங்கி வந்திருந்தோம்.

முதல் இரவுதான் கவனமாக இருக்க வேண்டிய இரவு. பண்ணைத் தரையில் வளர்ந்த கோழிகளுக்குக் கழியில் அடையத் தெரியாது. இருட்டத் தொடங்கியதும் 6 கோழிகளும் வடமேற்கு மூலைக்குப் போய் ஒன்றின் முதுகில் ஒன்று தலையை நுழைத்து ஒரே குவியலாக ஒடுங்கின. அடியிலிருந்த கோழியின் வால் மட்டும் தெரிந்தது, அதன் மெல்லிய கேவல் கேட்டுக்கொண்டிருந்தது. குவியலின் அடியில் இருப்பது மூச்சுத் திணறும். மேலே இருப்பது வியர்த்ததுபோல் நனையும். கைவிளக்கின் கண்ணாடியைச் சிவப்புத் துணியால் சுற்றிக்கொண்டு உள்ளே போய், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். இரு கைகளாலும் இறக்கைகளை அணைத்துப் பிடித்து, மார்பு கழியில் படுமாறு கிட்டக் கொண்டுபோனால், கால்விரல்கள் தாமாகவே நீண்டு கழியைச் சுற்றிக்கொள்ளும். விரல்கள் பிடித்ததும் உடனே கையை எடுக்காமல், முதுகில் சற்று நேரம் வைத்திருந்தால் கோழி தன் எடையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்துவிடும். அவசரப்பட்டால் தாவிக் கீழே விழுந்து மறுபடி மூலைக்கே போகும். இப்படி ஒவ்வோர் இரவும் செய்துவந்தோம். முதலில் பழகியது கொண்டை சற்றுப் பெரிதாக இருந்த ஒன்று; அது மேலே இருப்பதைப் பார்த்து மற்றவை பின்தொடர்ந்தன. எல்லாம் தாமாகவே ஏறும்வரை இரவில் ஒருமுறை போய்ப் பார்ப்பதை நிறுத்தவில்லை. முதல் வாரம் முழுவதும் அவற்றைக் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். அதுதான் வீடு என்று பதிந்த பிறகு முற்றத்தைத் திறந்தால், மாலையில் யாரும் விரட்டாமலே உள்ளே திரும்பிவிடும்.

தீனி விடயத்தில் பலர் ஆவலில் செய்வது, வாங்கிய நாளிலிருந்தே முட்டைத் தீனியைக் கொடுப்பது. குரோவர் தீனியில் கல்சியம் ஏறத்தாழ 1 சதவீதம்; முட்டைத் தீனியாகிய லேயரில் அது 3.5 முதல் 4 சதவீதம். ஓடு உருவாக்காத கோழிக்கு அவ்வளவு கல்சியம் தேவையில்லை; மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியிருப்பதால் அது பழுதடையும். எனவே கொண்டை சிவந்து முட்டைக்கான அறிகுறிகள் தெரியும்வரை குரோவரையே கொடுத்து, பின் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து லேயருக்கு மாற்றினோம். வளர்ந்த கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். 6 கோழிகளுக்கு மாதம் 20 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். குளிர்காலத்தில் உடல் வெப்பத்தைக் காக்க இன்னும் கொஞ்சம் தின்னும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூட்டையாக வாங்கினால் விலை குறைவு என்றாலும், ஒரு மாதத்துக்குமேல் தீனியை வைத்திருக்க இந்த ஊர் ஏற்றதல்ல. ஈரம் ஏறிய தீனியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு, தரையில் படாமல் இரண்டு பலகைகளின்மேல் வைத்திருக்கிறோம். கட்டிபட்ட, புளித்த வாடை வீசும் தீனியை இரக்கமின்றிக் குப்பைக் குழியில் கொட்டிவிட வேண்டும்.

மரக்கறிப் பிரதேசத்தில் இருப்பதால் கோவா இலைக்கும் கரட் தழைக்கும் குறைவில்லை. கோழிகள் அவற்றை மிக விரும்பும். ஆனால் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரியாத இலையை நாங்கள் கொடுப்பதில்லை. எங்கள் சொந்தப் பாத்தியின் இலைகளையே கயிற்றில் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுகிறோம். தரையில் போட்டால் மிதித்து, அழுகி, கூளத்தை நனைக்கும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோலும், ஆனைக்கொய்யாவின் தோலும் கொட்டையும் நஞ்சு. தேயிலை நாட்டில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேநீர் வடித்த சக்கையைக் கோழிக்குப் போடாதீர்கள். அதில் எஞ்சியிருக்கும் கஃபீன் கோழிக்கு ஆகாது. சக்கை ரோசாச் செடிக்குப் போகட்டும்.

முட்டைக்கு நெருங்கும் கோழியை அடையாளம் காண்பது இந்த வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்த கொண்டையும் தாடியும் நாளுக்கு நாள் சிவந்து பருக்கும். முதுகில் கைவைத்தால் இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். பின்புறத்தின் இருபக்கமும் உள்ள கூரிய இடுப்பெலும்புகளுக்கு இடையில் முன்பு ஒரு விரல் மட்டுமே நுழைந்த இடத்தில் இரண்டு, மூன்று விரல்கள் நுழையும். அப்போது பெட்டியில் காய்ந்த மானாப் புல்லைப் பரப்பி, ஒரு மேசைப்பந்தை வைத்தேன். பெரிய கொண்டைக்காரி அந்தப் பந்தை ஒரு கண்ணால் பார்த்தது, கழுத்தைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, அலகால் தன்னை நோக்கி உருட்டி மார்புக்கு அடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. முதல் முட்டை அந்தப் பந்தின் பக்கத்திலேயே கிடந்தது. சிறியது, ஓட்டில் மெல்லிய இரத்தக் கீறல். முதல் முட்டைகள் அப்படித்தான் இருக்கும். ஓடில்லாமல் தோலோடு வருவதும், இரட்டைக் கருவோடு வருவதும் உண்டு; முட்டை உருவாகும் உறுப்புகள் ஒழுங்குக்கு வரும்வரை பயப்பட வேண்டியதில்லை. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் எடுக்கிறது. அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே செலவாகிறது. ஓட்டில் 2 கிராம் அளவு கல்சியம் இருப்பதால், இடித்த கடற்சிப்பியைத் தனிப் பாத்திரத்தில் வைத்துவிடுகிறோம். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். மறுபடி மெல்லிய ஓடு வரும் நாட்களில் அந்தப் பாத்திரம் விரைவாகக் காலியாவதைக் கவனித்திருக்கிறேன்.

பண்ணைகளில் மின்குமிழ் வைத்துப் பகலை 14 முதல் 16 மணி நேரம் வரை நீட்டுவார்கள். நம் நாட்டில் பகல் டிசெம்பரில் 11 மணி 45 நிமிடமளவிலும் ஜூனில் 12 மணி 30 நிமிடமளவிலும் இருப்பதால், இயற்கை ஒளியில் கோழி சற்றுக் குறைவாகவே இடும். மூடுபனி கவிந்த வாரங்களில் அந்த ஒளியும் மங்கலானது. நான் குமிழ் போடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய முட்டை கிடைக்கிறது. மரச்சீவலும் உலர்ந்த பலகையும் உள்ள கூட்டில் மின்கம்பி ஓடுவதை நான் விரும்பவில்லை. விற்பனைக்காக வளர்ப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

நோயைப் பொறுத்தவரை, காலையில் கழிக்கு அடியில் கிடக்கும் எச்சத்தைப் பார்ப்பதே என் முதல் சோதனை. கெட்டியாக, மேலே வெள்ளைப் பூச்சோடு இருப்பது சாதாரண எச்சம். இடையிடையே கரும்பழுப்பாக, பசைபோல், கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். குடலின் பின்பைகள் காலியாகும்போது வருவது அது, நோயல்ல. சிவப்பாக இரத்தம் கலந்து வந்தால், கோழி சிறகை உப்பி ஒதுங்கி நின்றால், அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல். அதை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் ஈரமான கூளத்தில்தான் தொற்றக்கூடிய நிலைக்கு முதிர்கின்றன. ஆகவே மருந்தைவிடக் காய்ந்த தரை முந்திக்கொள்ளும். மருந்து கொடுக்க நேர்ந்தால் எத்தனை நாட்களுக்கு முட்டையைத் தின்னக்கூடாது என்பதையும் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிவப்பு உண்ணி பகலில் கண்ணில் படாது. கழியின் முனை பலகையில் பொருந்தும் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் சிவப்புக் கோடுகள் விழும். இதற்காகவே கழியை ஆணியடித்து நிறுத்தாமல் கழற்றி எடுக்கக்கூடியவாறு பள்ளத்தில் உட்கார வைத்திருக்கிறேன். மாதமொருமுறை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் வைப்போம். கோழிகளுக்கு மண்குளியல் தேவை. மழைக்காலத்தில் வெளியில் காய்ந்த மண் கிடைக்காது. நீட்டிய கூரைக்கு அடியில், பழைய லொறி டயர் ஒன்றில் செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தோம். கவ்வாத்து விறகை எரிக்கும் வீடுகளில் சாம்பலுக்கு என்ன குறை. அதைச் சலித்து, நன்றாக ஆறிய பிறகு போட வேண்டும், நனையவிடக்கூடாது. நனைந்த சாம்பல் தோலை அரிக்கும்.

ஜூலை மழையில் முற்றம் சேறானதைத் தடுக்க முடியவில்லை. முற்றத்தின் பாதிக்கு ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போட்டு, தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சீவலையும் உலர்ந்த சவுக்கு இலையையும் கொட்டினோம். சாரல் நாட்களில் கோழிகள் அந்தப் பாதியிலேயே கிளறிக்கொண்டிருக்கும். தொடர்ந்து பெய்யும் நாட்களில் கூட்டுக்கதவைத் திறப்பதே இல்லை. சும்மா அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று சிறகு பிடுங்கும் என்பதால், ஒரு கோவாவைத் தொங்கவிட்டு, கூளத்தில் ஒரு பிடி சோளத்தைத் தூவுவோம். அவை அதைத் தேடிக் கிளறுவதால் கூளமும் புரண்டு காய்கிறது.

முட்டைகளைக் கழுவுவதில்லை. ஓட்டின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதைக் கழுவி எடுத்துவிட்டால் நுண்துளைகள் வழியே கிருமி புகும். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்குமாறு அடுக்கி வைக்கிறோம்.

கூட்டிலிருந்து அள்ளும் கூளத்தை நேராகப் பாத்தியில் போட்டால் நாற்றின் வேர் கருகும். குழியில் போட்டு, இடையிடையே புல்லை அடுக்கி, 3 மாதத்துக்குக் குறையாமல் மக்கவிட்ட பிறகே லீக்ஸ் பாத்திக்குப் போடுகிறோம். நுவரெலியா மாவட்டத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் எரு அது.

இப்போது இன்னும் 4 வெடைக்கோழிகளைச் சேர்க்க எண்ணியிருக்கிறோம். கூட்டை 4 அடி நீட்ட வேண்டும், கழியில் 32 அங்குலம் கூட்ட வேண்டும், இன்னொரு முட்டைப் பெட்டி வேண்டும். புதியவற்றை முதல் 3 வாரங்களுக்குத் தனிக் கூட்டில் வைத்து, எச்சத்தையும் மூச்சையும் கவனித்து, பிறகு வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சில நாட்கள் விட்டு, இருட்டிய பிறகு கழியில் சேர்த்து உட்கார வைக்கத் திட்டம். தனிக்கூட்டுக்கான கால்களும் வலையும் வாங்கியாயிற்று. தகரம் மட்டும் வர வேண்டும்.